வாயில் நுழையாத பெயர்

“உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையாடி?” என்று அக்கா ஒருமுறை அவளிடம் கேட்டாள். இறங்க வேண்டிய இடம் வந்தும் ‘நிறுத்துங்க’ என்று சொல்ல முடியாமல், பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தாண்டிப் போய், வெயிலில் நடந்து வீடு திரும்பிய நாள் அது. கேட்டுவிட்டு அக்காவே சிரித்தாள்.

அந்த அக்காவின் கால்களுக்கு இப்போது இரண்டாவது ஜோடி காலுறையை அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். முதல் ஜோடி போட்டு அரைமணி ஆகியும் பாதங்கள் சூடு பிடிக்கவில்லை.

“குளிருதாக்கா?”

“இல்லடி. தூக்கம்தான் வருது.” அக்கா கொட்டாவி விட்டாள். “பாப்பாவ இந்தப் பக்கம் திருப்பேன். முகத்தைப் பாக்கணும்.”

குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வார்டின் ஜன்னல்களில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. பதினாறு கட்டில்கள், எதிலோ ஒரு குழந்தை அழ, ஓய, வேறொன்று தொடங்கியது. இவர்களுடையது மட்டும் சத்தமில்லாமல் விழித்திருந்தது. அதன் கணுக்காலில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் அக்காவின் பெயரும் பக்கத்தில் ‘குழந்தை’ என்றும் எழுதியிருந்தது.

“என் பேரையே ஒட்டிவிட்டிருக்காங்க பாரு” என்று அக்கா முகத்தைச் சுளித்தாள். குழந்தையின் காதருகில் வாயை வைத்து, தான் தேர்ந்தெடுத்த பெயரை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை பாதியில் மூச்சு நின்று, பிறகு முடிந்தது.

உதட்டில் தொடங்கி, நாக்கை மடித்து, தொண்டைக்குள் போய், மறுபடி உதட்டுக்கு வந்து முடிகிற பெயர் அது. அக்காவின் மாமியார், அவளுக்கு அத்தை, நடு எழுத்தை விழுங்கிவிட்டுத்தான் சொல்வாள். “இதச் சொன்னா என் பல்செட்டு கழண்டு தட்டுல விழுந்துடும்மா, வேற வை” என்பாள். அக்காவின் கணவரான மாமாவோ அதை இரண்டாக உடைத்து, நடுவில் எச்சில் விழுங்கிச் சொல்வார். “ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கிற டீச்சர் பாவம், இவ பேர் வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடும்” என்று கேலி செய்வார். மாடி வீட்டுக்காரர் லாரி கியர் மாற்றுவது போல இருக்கிறது என்றார். பிறக்கப்போவது பெண்தான் என்று முடிவே கட்டி அக்கா அந்தப் பெயரைச் சொன்ன நாளிலிருந்து, ஏழு மாதமும் இதே பேச்சு. அக்கா அசையவில்லை.

தங்கையான அவளுக்கு மட்டும் அந்தப் பெயர் பிசகாமல் வந்தது. தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா போடும்போது, மெஷின் சத்தத்தின் அடியில், யாருக்கும் கேட்காமல் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். “நாங்கெல்லாம் தடுமாறுறோம், இந்த ஊமைக்கோட்டானுக்கு மட்டும் எப்படித்தான் வருதோ!” என்று, ஒருநாள் கடைக்கு வந்தபோது அவள் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்ட மாமா ஆச்சரியப்பட்டார்.

அக்காவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் மைக்கில் பெயர் கூப்பிடும் வேலை. அதிலிருந்துதான் இந்தப் பிடிவாதம் வந்தது.

“ஒரு நாளைக்கு இருநூறு பேரக் கூப்பிடறேன். சுலபமான பேரா இருந்தா தலையைத் தூக்காமலே கூப்பிட்டுடுவேன். ஒரு பேருக்கு மூணு பேர் எழுந்து வருவாங்க, அதுல யாரு எவருன்னுகூட பாக்க மாட்டேன். வாயில நுழையாத ஒரு பேர் வந்தாத்தான் நிறுத்தி, இது யாருங்கன்னு கேட்டு, நிமிந்து ஆளைப் பாப்பேன். முழுசா முகத்தப் பாக்கறது அப்ப மட்டும்தான். என் பொண்ண எல்லாரும் நிமிந்து பாக்கட்டுமே. என் பேர்தான் தெருவுக்கு நாலு கிடக்கே, போதாதா?”

கட்டிலின் கால்மாட்டில் இருந்த கொக்கியில் அக்காவின் ஃபைல் தொங்கியது. அட்டையில் அந்தத் தெருவுக்கு நாலு கிடக்கும் பெயர். அதன் கீழே வயது: முப்பத்தெட்டு.

அக்காவுக்கு இருபத்தேழு.

ஆறரை மணிக்கு நர்ஸ் அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஃபைலை மாட்டிவிட்டுத் திரும்பியபோதே அவள் அதைப் பார்த்துவிட்டாள். ‘சிஸ்டர்’ என்று சொல்வதற்கு வாயைத் திறந்தாள். நர்ஸின் முதுகு அதற்குள் மூன்று கட்டில் தாண்டியிருந்தது. அவசரத்தில் யாரோ தப்பாக எழுதியிருப்பார்கள், வயதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் இன்னொன்றும் அவளுக்கு உறுத்தியது. பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர், அவளையும் மாமாவையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்: “ரத்தம் கொஞ்சம் அதிகமா போயிருக்கு. பயப்பட வேண்டாம். நாலு மணி நேரம் பக்கத்து ரூம்ல வச்சு, கால் மணிக்கு ஒரு தடவை பாத்துக்குவாங்க.” ஆனால் ஒன்றரை மணி நேரத்திலேயே அக்கா வார்டுக்கு வந்துவிட்டாள். “இவ்வளவு சீக்கிரம் மாத்திட்டாங்கன்னா நல்லாத்தான் இருக்கான்னு அர்த்தம்” என்று மாமா முகம் மலர்ந்து, தன் அம்மாவை அழைத்துவர வீட்டுக்குப் போனார்.

வந்ததிலிருந்து ஒருவரும் அக்காவின் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

“தண்ணி குடுடி.”

கொடுத்தாள். அக்கா மடமடவென்று குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். உதடுகள் சாம்பல் பூசியது போல் இருந்தன. நெற்றி வேர்த்திருந்தது, தொட்டால் ஜில்லென்று இருந்தது. கொட்டாவிக்கு மேல் கொட்டாவி.

“கொஞ்சம் தூங்கு அக்கா. நான் போய் வெந்நீர் வாங்கிட்டு வர்றேன்.”

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். வெந்நீர் பிடிக்கும் குழாய் பிரசவ அறைக்குப் பக்கத்தில் இருந்தது. குழாயைத் திறந்தபோது அருகிலிருந்த கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு நர்ஸ் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“இங்கதாம்மா இருக்கேன், எங்க ஓடிடப் போறேன்?” என்றது கணீரென்ற ஒரு குரல். “கால் மணிக்கு ஒரு தடவை வந்து கையில பட்டையச் சுத்திக் காத்தடிக்கிறீங்க. எனக்கு இது மூணாவது பிள்ளை. முத ரெண்டுக்கும் இப்படி யாரும் தாங்கல. ஒரு கண்ணு தூங்க விடுங்களேன்.”

“டாக்டர் எழுதியிருக்காரும்மா. நான் என்ன செய்ய?”

கண்ணாடி வழியே பார்த்தாள். தடித்த, சிவந்த கன்னங்களுடைய ஒரு பெண், தலையணையில் சாய்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். முப்பத்தெட்டு இருக்கும்.

வெந்நீர் பிளாஸ்க் நிரம்பி அவள் விரல்மேல் வழிந்தது.

ஓடினாள். வார்டு வாசலில் நர்ஸ் மேசை. ஆறரைக்கு வந்த அதே நர்ஸ் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் உள்ளங்கையை உயர்த்தி, இரு என்று காட்டினாள். அவள் நின்றாள். நர்ஸ் யாரிடமோ கட்டில் காலி இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தாள், பிறகு எழுதினாள், பிறகு சிரித்தாள். மேசைமேல் இருந்த கடிகாரத்தில் முள் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டியது. சொல்ல வேண்டியதை அவள் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள். *சிஸ்டர், அது எங்க அக்கா ஃபைல் இல்ல.* ஆறு சொல்தான். போன் முடியட்டும் என்று நின்றாள். போன் முடிந்தது. அதற்குள் பின்னாலிருந்து வந்த ஒருவர், “சிஸ்டர், டிஸ்சார்ஜ் என்னாச்சு, எவ்வளவு நேரம்?” என்று சத்தம் போட, நர்ஸ் எழுந்து அவரோடு போய்விட்டாள்.

அவள் கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். அக்கா கண்ணை மூடியிருந்தாள். குழந்தை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ‘நர்ஸ் வந்ததும் சொல்லிடலாம்’ என்று, காலுறைக்கு மேல் தன் உள்ளங்கைகளை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

கூட்ட வந்த ஆயாம்மாதான் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை நீட்டியவள், எதையோ கண்டு நின்று, போர்வையை ஒரே இழுப்பில் இழுத்தாள்.

“அய்யய்யோ! சிஸ்டர்! டாக்டரக் கூப்பிடுங்க! மெத்த முழுக்க ரத்தம்!”

பதினாறு கட்டிலும் எழுந்து உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தோ நான்கு பேர் ஓடி வந்தார்கள். அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடிக் கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

ஒன்பதே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்து, அதற்குள் தன் அம்மாவோடு திரும்பியிருந்த மாமாவின் தோளில் கை வைத்தார்.

அதன் பிறகு எல்லாம் தாழ்வாரத்தின் நீள பெஞ்சில் நடந்தது. லாரியோடு வெளியூர் போயிருந்த அப்பாவுக்கு மாமாதான் போனில் சொன்னார். அம்மா இல்லாத வீட்டில் அவளுக்கு எல்லாமாக இருந்தவளை உள்ளே துடைத்து, துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். குழந்தையை யாரோ அவள் மடியில் வைத்திருந்தார்கள். அது தூங்கிவிட்டிருந்தது.

“எம் மருமகளா இருந்தாளா அவ? மகளா இருந்தாளே” என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். பிறகு அடங்கினாள். குழந்தையின் காலில் இருந்த பட்டையைத் தடவினாள். “பாரு, இதுலயே எழுதியிருக்கு. அவ பேரையே வச்சிடுவோம்டா. இவளக் கூப்பிடக் கூப்பிட அவ நம்ம வீட்டுலயே இருப்பா. அந்த இன்னொரு பேர் வேண்டாம். வாயில நுழையாத பேர எடுத்துட்டு... எந்த நேரத்துல எடுத்தாளோ.”

மாமா தலையாட்டினார். “சரிம்மா. அவ பேரே இருக்கட்டும்.”

எதிர் பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்கூட, “நல்லது, அப்படியே செய்ங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? குழந்தையின் தலைக்குக் கீழே அவள் கை மரத்துப் போயிருந்தது.

ஆபீஸிலிருந்து கிளார்க் வந்தார். வயதானவர், மென்மையாகப் பேசினார். கையில் இரண்டு படிவங்களும் அந்த ஃபைலும் இருந்தன. “மன்னிக்கணும் தம்பி. இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். ரெண்டையும் இன்னிக்கே எழுதிட்டா நீங்க மறுபடி அலைய வேண்டாம். ஒண்ணு அவங்களோடது. ஒண்ணு குழந்தையோடது. பேர் முடிவு பண்ணியாச்சா?”

“ஆச்சு. அதோட அம்மா பேர்தான்.”

“சரி.” கிளார்க் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபைலைப் பார்த்து முதல் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். பெயரை எழுதினார். “வயசு முப்பத்தெட்டு.”

“இருபத்தேழு” என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டே.

“ஃபைல்ல முப்பத்தெட்டுன்னு இருக்கே.” கிளார்க் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். ‘ச்சு’ என்றார். “எழுதினவங்க கைப்பிசகு. நானே மாத்திடறேன்.” பேனாவால் அட்டையில் இருந்த எண்ணின் மேல் ஒரு கோடு போட்டார்.

“அது அக்கா ஃபைல் இல்ல.”

குரல் யாருடையது என்று கிளார்க் சுற்றிலும் பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

“என்னடி சொல்றே?” என்றாள் அத்தை.

“அக்கா பேர்ல இன்னொருத்தங்க இருக்காங்க. அந்தக் கண்ணாடி ரூம்ல. முப்பத்தெட்டு வயசு. அவங்க நல்லா இருக்காங்க. அவங்களுக்கு மூணாவது பிள்ளை. அக்காவக் கால் மணிக்கு ஒரு தடவை பாக்கணும்னு எழுதினதுக்கு, அவங்களத்தான் பாத்தாங்க.” இத்தனை சொற்களை அவள் ஒரே மூச்சில் எப்போதும் சொன்னதில்லை. “அக்காவ யாரும் வந்து பாக்கல.”

கிளார்க் பேனாவை மூடினார். மூடியைத் திருகித் திருகி மூடினார்.

மாமா மெதுவாகத் திரும்பினார். “நீ இத எப்பப் பாத்தே?”

“காலைல.”

“காலைலன்னா?”

“ஆறரைக்கு வயசப் பாத்தேன். ஏழே காலுக்கு அவங்களப் பாத்தேன்.”

“பாத்துட்டு?”

அவள் வாயைத் திறந்தாள். போன், உள்ளங்கை, மேசைக் கடிகாரம் எல்லாம் கண்முன் இருந்தன. ஒன்றும் வரவில்லை. அத்தை எழுந்து அவளிடமிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

“மாமா, அந்தப் பேர மட்டும் பாப்பாவுக்கு வைக்காதீங்க” என்றாள் அவள். “அக்கா சொன்னதையே வைங்க. காலைலகூட காதுல சொன்னா. மூணு தடவை சொன்னா.”

பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். மெஷின் சத்தம் இல்லாத இடத்தில், பத்துப் பேர் கேட்க, முதல் முறையாக. ஓர் எழுத்தும் பிசகவில்லை.

மாமாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பாதியில் நின்றன. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் நின்றன.

அவர் கிளார்க்கின் விரல்களிலிருந்து பேனாவை வாங்கினார். குழந்தைக்கான இரண்டாவது படிவத்தையும் வாங்கினார். இரண்டையும் அவளுக்குப் பக்கத்தில், பெஞ்சின் மேல் வைத்தார். மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

பெஞ்சுக்கு அடியில் நர்ஸ் கொண்டுவந்து வைத்திருந்த பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. உள்ளே அக்காவின் செருப்புகள். அதைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

“எங்கடா போறே? டேய், பிள்ளை இங்க இருக்குடா!” என்றாள் அத்தை.

மாமா தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து, திரும்பிப் பார்க்காமல், படியிறங்கிப் போனார்.