எண்பத்து மூன்றாவது கோடு

மஞ்சள் பலகை. கறுப்புக் கோடுகள். கோடுகளின்மேல் இரவு பெய்த மழை.

ஒவ்வொரு துளியும் ஓர் எண்ணில் உட்கார்ந்திருந்தது. பதினேழில் ஒன்று. நாற்பதில் ஒன்று. எண்பத்து மூன்றில் ஒன்று, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமனாக.

மோகனப்பிரியா ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள். ஐப்பசி. பழவேற்காடு ஏரி ஈயத்தகடு மாதிரிக் கிடந்தது.

மீனை அளக்கிற பலகை அது. கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகில் போய்த் தூண்டிலில் பிடித்த மீனை அதன்மேல் படுக்க வைக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். பிறகு உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதிக நீளம் சேர்த்த அணிக்குக் கேடயம். மீனைக் கொன்ற அணி போட்டியிலேயே இல்லை.

விடுவதற்காகப் பிடிப்பது. அவளுடைய மீனவக் குப்பத்தில் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இரண்டு வருடமாக, இந்தப் போட்டியை நடத்துகிற கிளப்பில் பலகை கழுவுகிறாள். கயாக் கழுவுகிறாள். விலங்கியல் பட்டம், வீட்டின் முதல் பட்டம், சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. உப்புக்காற்று அதையும் விடவில்லை.

போன இரண்டு போட்டிகளிலும் மீன் எங்கே நிற்கும் என்று காட்டியவள் அவள். கேடயத்தில் பெயர் வேறு யாருடையதோ.

இந்த முறை செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். "ஜெயிச்சுக் காட்டும்மா. பயிற்சியாளர் வேலை உனக்குத்தான்."

அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு கயாக். அவளோடு தாரிணி. சென்னையிலிருந்து காரின் தலையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு வருகிறவள். கெட்டவள் இல்லை. "நாம ஒரே டீம், மோகி" என்பாள். மோகி என்று அவளை வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

ஏரிக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிற காலம். முகத்துவாரத்தில் கொடுவா மீன் காத்திருக்கும். அவளுக்குத் தெரியும். அவள் காட்டிய இடத்தில் தாரிணிக்கு இரண்டு மீன், அவளுக்கு இரண்டு. அளந்தார்கள். விட்டார்கள்.

"இன்னும் ஒண்ணு மோகி, பெருசா. கேடயம் நமக்குத்தான்!"

தூறல் தொடங்கியது. தூண்டில் வளைந்தது.

கயாக்கையே இழுத்துக்கொண்டு போனது அது. இருபது நிமிடம். கை எரிந்தது. பிறகு தண்ணீர் பிளந்தது, வெள்ளி எழுந்தது. கொடுவா. இத்தனை பெரிய கொடுவாவை இந்தக் கிளப் பார்த்ததில்லை.

மடியில் தூக்கிப் போட்டாள். துள்ளியது. கயாக் இடப்பக்கம் சாய்ந்தது.

அப்போது கை தானாக எழுந்தது. காலடியில் கிடந்த குட்டி நங்கூரத்தை எடுத்தது. கண்ணுக்கு மேலே. ஒரே அடி.

ஏழு வயதில் நைனாவின் படகில் அவளுக்குக் கொடுத்த வேலை அது. துள்ளுகிற மீன் சின்னப் படகைக் கவிழ்த்துவிடும். தன் சதையையும் கெடுத்துக்கொள்ளும். அடிக்க வேண்டும். உடனே அடிக்க வேண்டும்.

மூன்று வருடம் கல்லூரி. இரண்டு வருடம் கிளப். கை எதையும் படிக்கவில்லை.

பலகையில் வைத்தாள். எண்பத்து மூன்று சென்டிமீட்டர். மழை அதன் கண்ணில் விழுந்தது. கண் அசையவில்லை.

தண்ணீரில் இறக்கி, வாயைப் பிளந்து, முன்னும் பின்னும் ஆட்டினாள். இந்த நீளத்துக் கொடுவா பெரும்பாலும் பெண். ஆணாகப் பிறந்து, வளர்ந்து, பெண்ணாக மாறியது. தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள்.

"நீந்துடி," என்றாள். "நீந்தித் தொலைடி."

நீந்தவில்லை.

தாரிணி பார்த்துவிட்டாள். நடுவரின் படகை நோக்கிக் கையை உயர்த்தினாள். "சாரி சார்... அவங்க ஆளுங்களுக்கு இது பழக்கம். நான் கவனிக்கல."

காலையில் நாம. மதியத்துக்குள் அவங்க.

நடுவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "படிச்ச பொண்ணுதானேம்மா நீ? ஒரு உயிரோட அருமை தெரிய வேணாமா?"

கரைக்குத் துடுப்புப் போட்டாள். கோரை ஓரத்தில் மூன்று மீன்கள் வயிறு மேலே மிதந்தன. காலையில் யாரோ அளந்து விட்டவை. உதட்டில் தூண்டில் முள் கிழித்த ஓட்டை. படம் எடுத்தபோது வால் ஆடியது, அது போதும். அவை கணக்கில் உண்டு.

கரையில் பந்தல். மதியச் சாப்பாடு. மழையோடு கலந்து வந்தது வஞ்சிரம் வறுவல் வாசனை.

வேறு யாருக்கோ கேடயத்தைக் கொடுத்துவிட்டுச் செயலாளர் அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்த மீனை எங்கேயாவது ஓரமாப் பொதைச்சுடு. யாராவது போட்டோ எடுத்துப் போட்டா அசிங்கம். நாளைக்குப் பலகையெல்லாம் கழுவணும், சீக்கிரம் வந்துடு."

"கொன்னா திங்கணும் சார். எங்க வூட்ல அதான் ரூல்."

தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மழை. முதுகில் வால் இடித்தது. இடித்துக்கொண்டே வந்தது.

அம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். நெற்றியைத் தடவினாள். "யாருடி அடிச்சது?"

"நான்தான்."

"ஒரே அடி! அப்படியே உங்க நைனா கை." அம்மா சிரித்தாள். பட்டம் வாங்கி வந்த அன்றுகூட இப்படிச் சிரிக்கவில்லை. "அது சரி, ஜெயிச்சியா இல்லியா?"

"நீ மசாலா அரைம்மா."

குழம்பு ருசியாக இருந்தது. அதற்குத்தான் அவளுக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் காலை. மஞ்சள் பலகை. கறுப்புக் கோடுகள். கோடுகளின்மேல் இரவு பெய்த மழை.

பதினேழைத் துடைத்தாள். நாற்பதைத் துடைத்தாள்.

எண்பத்து மூன்றில் இருந்தது துளி இல்லை. ஒரு செதில். நகக்கண் அளவு, மழைக்கும் போகாமல் ஒட்டி, வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருந்தது.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அடுத்து அளக்க வருகிறவன் தன் நகத்தால் சுரண்டிக்கொள்ளட்டும்.