இருபத்து மூன்றாவது கையெழுத்து

சட்டசபைச் சுருக்கெழுத்தாளரின் தம்பிக்கு முதல் துப்பாக்கிக் காயம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு, அவன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது ஏற்பட்டது. வீட்டில் துப்பாக்கி இல்லை, சுட ஆளும் இல்லை, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. இடது தோளில் ஓட்டை விழுந்து ரத்தம் கிழங்குக் கிண்ணத்தில் கொட்டியது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்தார். குண்டு நுழைந்த வழி இருக்கிறது, வெளியேறிய வழி இல்லை, உள்ளே குண்டும் இல்லை என்று சொல்லிக் கட்டுப்போட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

தம்பி யார் என்று சொல்லிவிட வேண்டும். பக்கத்து நாட்டில், ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். செத்தவர்களின் புகைப்படத்தை அட்டையில் ஒட்டி, எங்கே காயம், எவ்வளவு ஆழம் என்று எழுதி, ‘ரகசியம்’ என்று முத்திரை குத்துவது அவன் வேலை. ஒன்பது வருஷம் குத்தினான். பிறகு ஒரு நாள், ஆற்றைக் கடந்துகொண்டிருந்த படகு ஒன்றைச் சிப்பாய்கள் சல்லடையாகச் சுட்டார்கள். இருபத்து மூன்று பேர் செத்தார்கள். எல்லோரும் கலகக்காரர்கள் என்று அரசாங்கம் கூசாமல் அறிவித்தது. இருபத்து மூன்றாவது அட்டையில் இருந்த கலகக்காரிக்கு ஐந்து வயசு. பெயர் தெரியவில்லை, காதுக்குக் கீழே காயம். அதில் முத்திரை குத்த அவனுக்குக் கை வரவில்லை. அத்தனை அட்டைகளையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்ப் பத்திரிகைகளிடம் கொடுத்துவிட்டு, எல்லை தாண்டி, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து புருஷனைப் பறிகொடுத்துத் தனியாக இருந்த அக்கா வீட்டில் வந்து விழுந்தான். அரசாங்க ரகசியத்தைத் திருடியவனை ஒப்படையுங்கள் என்று அந்த நாடு கேட்டது. ஒப்படைத்தால் கழுத்துக்குக் கயிறு என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஒப்படைக்கலாமா கூடாதா என்று சபையில் விவாதம் ஆரம்பித்தது. அக்காவுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! தம்பியைக் கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று ஒவ்வொருவனும் முழங்கியதை ஒரு சொல் விடாமல் அவள் எழுதி எடுக்க வேண்டும்.

கூடாது என்று பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேசியதால் தம்பிக்கு ஒரு சிராய்ப்புகூட வரவில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று என்று காயங்கள் வந்துகொண்டே இருந்தன. தொடை, விலா, வயிறு, உள்ளங்கை. இரண்டு மாதத்தில் அவன் உடம்பில் கட்டுப்போட இடம் இல்லாமல் போயிற்று. அக்கா காலையில் சபைக்குப் போகும் முன் ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை துணி மாற்றுவாள். அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு காயத்துக்கும் ஆள் யாரென்று சொல்லுவான்.

“இது படகோட்டியோடது, அக்கா. ஏழாவது அட்டை. என் கையாலதான் எழுதினேன்.”

“வாயை மூடுடா, பாவி” என்று அவள் அழுவாள். அழுதுகொண்டே கட்டை இறுக்குவாள்.

இருபத்து மூன்றாவது காயம் காதுக்குக் கீழே வந்தது. அதைப் பார்த்த அன்று அவள் அழவில்லை. யாரோ தன் வீட்டுக்குள் கணக்காகச் சுடுகிறார்கள், யாரென்று தெரிந்தாக வேண்டும் என்ற வெறி பிடித்தது. மறுநாள் அலுவலகத்தில் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இங்கே சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பேசிய பேச்சைத் தட்டச்சு செய்தபின், பேசிய உறுப்பினர் அதை வாசித்து, இது என் பேச்சுதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். எல்லாப் பிரதியிலும் கையெழுத்து விழுந்தால்தான் வாக்கெடுப்பு. சட்டம் அப்படி. ஆனால் நம் உறுப்பினர்களாவது வாசிப்பதாவது. ஒருவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும், இன்னொருவருக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கும். “நீங்களே போட்டுடுங்கம்மா” என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவளே போட்டுக்கொண்டிருந்தாள். அச்சு அசலாக வரும். மில் முதலாளியான உறுப்பினர் ஒருவரின் கையெழுத்து சரியில்லை என்று பாங்க் திருப்பி அனுப்பியபோது, அவரே இவளிடம் வந்து தன் கையெழுத்தைக் கற்றுக்கொண்டு போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து விழுந்த நேரத்தைப் பதிவேட்டில் குறிப்பதும் அவள்தான். மில்காரர் பேசியது திங்கட்கிழமை. அவருக்காக அவள் கையெழுத்துப் போட்டது செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். இருபத்து மூன்று கையெழுத்தும் தம்பிக்குக் காயம் விழுந்த நேரத்தோடு நிமிஷம் பிசகாமல் பொருந்தின. கையெழுத்துப் போட்ட கை எந்த வீட்டுக் கையோ, அந்த வீட்டைத் தேடிக் காயம் போயிருக்கிறது. தம்பியை அவளே உட்கார்ந்து இருபத்து மூன்று தடவை சுட்டிருக்கிறாள். அக்கா பதிவேட்டை மூடிவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சபாநாயகருக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒப்படைக்கச் சொல்லும் இருபத்து மூன்று பேச்சுகளிலும் இருப்பது என் கையெழுத்து, பொய்க் கையெழுத்து, செல்லாது என்று. சபாநாயகர் தலையில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ரத்து செய்து, புதுப் பிரதிகள் எடுக்கச் சொன்னார். தம்பியின் காயங்கள் ஆறவில்லை. அவை போவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

மறுநாள் உள்துறை மந்திரி, தம்பியைக் கொடுத்தே தீருவது என்று கடைசியாகப் பேசியவர், இரண்டு போலீஸ்காரர்களை அனுப்பினார். சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் அறை. புதுப் பிரதிகள் மேஜைமேல் இருந்தன.

“பழையபடி போட்டுடுங்கம்மா. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுக்கலாம்” என்றான் மூத்தவன்.

அவள் மாட்டேன் என்றாள். வலது கையைப் பிடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து ஓங்கிச் சாத்தினார்கள். முதலில் ஒரு விரல், கேட்டார்கள், இரண்டாவது, கேட்டார்கள், மூன்றாவது விரலின் எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

“இப்பப் போடுறியா இல்லையா?”

“எதால போடறது?” என்றாள் அக்கா.

அந்த இரண்டு புத்திசாலிகளுக்கும் அப்போதுதான் உறைத்தது. இருபத்து மூன்று பேரின் கையெழுத்தும் தெரிந்த ஒரே கையை இழுப்பறையில் வைத்து நசுக்கியிருந்தார்கள்.

வியாழக்கிழமை பக்கத்து நாட்டுத் தூதர் பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்தார். மந்திரி சபையின் கதவுகளைப் பூட்டச் சொன்னார். பேசியவன் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக்கூடாது என்றார். காயக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. பொம்பளைப் பிதற்றல் என்று தள்ளிவிட்டார். அக்கா கையில் மாவுக்கட்டோடு தன் இடத்தில் இருந்தாள். மில்காரர் சிரித்துக்கொண்டே வந்து, அவளிடம் கற்ற கையெழுத்தை அழகாகப் போட்டார். பேனாவைத் தாளிலிருந்து எடுப்பதற்குள் அவருடைய இடது தோள் வெடித்து, பின்னால் நின்ற காவலரின் சட்டை நனைந்தது. அக்கா போட்டது பொய்க் கையெழுத்து என்பதால் தம்பிக்கு முக்கால் ஆழம்தான் இறங்கியிருந்தது. இது சொந்தக் கையெழுத்து. முழு ஆழமும் இறங்கியது.

அதற்குப் பிறகு சபையில் நடந்ததைக் கோழிக்கூட்டில் நாய் புகுந்தது என்று சொன்னால் நாய்க்குக் கோபம் வரும். பேசியவர்கள் பெஞ்சுக்கு அடியில் புகுந்தார்கள், காவலர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் மைக் கம்பியைப் பிடுங்கிக் காவலரின் மண்டையைப் பிளந்தார். இன்னொருவர் தன் விரலைத் தானே கடித்துத் துப்பினார். இடது கையில் பேனாவைத் திணித்துப் போடவைத்தார்கள். போடப் போட வயிறு கிழிந்தது, தொடை கிழிந்தது, உள்ளங்கையில் ஓட்டை விழுந்தது. படகோட்டியின் காயம், முன்பு பட்டாளத்தில் இருந்த உறுப்பினருக்குப் போயிற்று. அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுச் செத்தார். அவரோடு சேர்த்து மூன்று பேர் அங்கேயே முடிந்துபோனார்கள். கம்பளம் ஊறி, நடந்தால் சதக் சதக் என்றது. தூதர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் இருபத்திரண்டு கையெழுத்து முடிந்தது.

இருபத்து மூன்றாவது, மந்திரியின் சொந்தப் பேச்சு. பிரதியை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார். பிறகு, அன்றுதான் முதல்முறையாக, அக்காவை நேராகப் பார்த்தார்.

“இது யாரோடது?”

“அஞ்சு வயசுப் பொண்ணு. காதுக்குக் கீழே.”

அத்தனை பேரையும் இழுத்துவந்து போடவைத்த மனிதர், பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அக்கா வீட்டுக்கு ஓடினாள். தம்பி கட்டுகளை எல்லாம் அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டு, சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். தழும்புகூட இல்லை, குளித்துவிட்டு வந்த உடம்பு போல் இருந்தது. காதுக்குக் கீழே மட்டும், சின்னதாக, ஈரமாக ஒன்று. அவள் அவனைக் கட்டிக்கொண்டு, தெருவே கேட்கும்படி ஓலமிட்டு அழுதாள்.

ஒரு கையெழுத்து குறைந்ததால் வாக்கெடுப்பு நடக்கவில்லை, இன்றுவரைக்கும் நடக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரின் முதல் நாளும் அந்தப் பிரதி மந்திரிக்குப் போகும், சாயங்காலம் கையெழுத்து விழாமலே திரும்பி வரும். அவர் பதினோரு வருஷம் மந்திரியாகவே இருந்தார், அப்புறம் வீட்டில் படுத்தார். பிரதி அங்கேயும் போயிற்று. அக்காவின் விரல்கள் கோணலாகக் கூடின. இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டாள். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் அந்தப் பிரதியை வீட்டுக்கே கொண்டுவந்து, “என் பேர்லயே போட்டுடறேன்டா. எனக்கு வரட்டும், நீ விட்டுடு” என்று பேனாவை எடுத்தாள்.

தம்பி பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். “வேணாம் அக்கா. சின்னப் பொண்ணு. இன்னும் எத்தனை கை மாறுவா? என்கிட்டயே இருக்கட்டும்.”

இப்போது அவன் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறான். காலையில் வேலைக்குப் போகும் வழியில் மருந்துக்கடைக்காரர் அவனைக் கூப்பிட்டுப் பஞ்சு கொடுப்பார்.

“பாப்பா எப்படி இருக்கா?”

“ராத்திரியெல்லாம் ஒரே வலி. இப்பதான் தூங்கினா” என்பான் தம்பி. கழுத்தைத் திருப்பாமல், பார்த்து நடந்து போவான்.