குடிலுக்குள் ஒரு ரயில்வே கேட்

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் அன்று யார் வீட்டுக் குடிலையும் பார்க்காமல் தாண்டிப் போகக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் உள்ளே வந்து, குழந்தை இயேசுவைக் கும்பிட்டு, ஒரு துண்டு கேக்காவது தின்றுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வழக்கத்தை நம்பித்தான் இந்த வருஷம் குடிலுக்குள் ரயில் விட்டேன்.

திண்டுக்கல் ஸ்டேஷனில் கிளம்பி, தெர்மாகோல் சிறுமலையை ஒட்டி அம்பாத்துரை, கொடைரோடு என்று போய், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வளைந்து திரும்பவும் திண்டுக்கல்லுக்கே வரும். ஒரு சுற்றுக்கு இருபது விநாடி. நடுவில் ரயில்வே கேட். கேட்டைக் கடக்கும் ரோட்டில் தானாகப் போய் வரும் மஞ்சள் ஆட்டோ ஒன்று. கேட்டுக்கு அடியில் வேண்டுமென்றே ஸ்பிரிங் வைத்தேன். விரலால் அமுக்கிப் பிடித்தால்தான் மூடும், விட்டால் எழும்பிவிடும். மூடாவிட்டால் ரயில் ஆட்டோவைத் தட்டிவிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படித் திறந்து கிடந்த கேட்டில்தான் என் மனைவி கிளாரா வந்த ஆட்டோ ரயிலில் அடிபட்டு, அவள் செத்தாள். அன்றைக்கு டியூட்டியில் கண்ணசந்த கேட் கீப்பர், அடுத்த சந்துச் சூசைமுத்து. ஜெயிலுக்குப் போய் வந்து, இப்போது கோயிலில் முழங்கால் போட்டு அழுகிறார். மன்னித்துவிடு என்று பங்குச் சாமியார் என்னிடம் சொன்னார். சாமியாருக்கென்ன, பெண்டாட்டியா பிள்ளையா!

கிறிஸ்துமஸ் சாயங்காலம் சூசைமுத்து தன் மனைவி ஆரோக்கியம்மாளோடு வந்தார். அவர் கண்ணெதிரே ரயில் வந்தது, ஆட்டோ கவிழ்ந்தது. நான் அதை நிமிர்த்தி ரோட்டில் விட்டேன்.

"எப்படிண்ணே இருக்கு நம்ம கேட்டு?"

சூசைமுத்து மெல்ல உட்கார்ந்து, விரலால் கேட்டை அமுக்கினார். ரயில் கடந்தது. ஆட்டோ நின்று, பிறகு போனது. அடுத்த சுற்றுக்கும் அமுக்கினார். அதற்கடுத்த சுற்றுக்கும்.

"வாங்க, போவோம்" என்றார் ஆரோக்கியம்மாள்.

"செத்த இரு. இந்த வண்டி போயிரட்டும்."

வண்டி எங்கே போகும்? வட்டத்தில்தானே சுற்றுகிறது. அரைமணி நேரமாயிற்று. வேடிக்கை பார்த்த பிள்ளைகளும் அலுத்துப் போய்விட்டார்கள்.

"தம்பி, சுவிச்ச அமத்துப்பா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அன்னைக்கும் இப்படி முழிச்சு ஒக்காந்திருக்கலாம்ல?" என்றேன். நாலு வருஷமாகத் தொண்டையில் கிடந்த வார்த்தை அது. பொய் சொல்வானேன், இனித்தது.

சூசைமுத்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா விடுப்பா. ஆட்டோவுல பின்னால கிளாரா ஒக்காந்திருக்கு."

ஆட்டோவுக்குள் நான் பொம்மை எதுவும் வைக்கவில்லை. இருந்தும் குனிந்து பார்த்தேன். பிறகு ரயிலின் வேகத்தைக் கடைசி வரைக்கும் கூட்டினேன்.