சூரியக் காற்று வந்த மதியம்

திருச்சுழிக்குக் கிழக்கே, தன் மானாவாரிப் புஞ்சையை ஒட்டிய புறம்போக்கில் வெளியாட்கள் வந்து வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பாதி புதைத்த நாளிலிருந்து மருதுபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ரோட்டுக்கென்று கல் நட்டவர்களும் இப்படித்தான் சிரித்த முகமாக வந்தார்கள். அண்ணன் நிலத்தில் பாதி போயிற்று.

பெட்டியை வைத்த அனுசியா, பூமியின் காந்தத்தை அளக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்து ஆள். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வருகிறது, அது பூமியின் காந்தப்புலத்தில் மோதுகிறது, வெகுதூரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் அதை முதலில் பார்த்துவிடும், பிறகு தரையில் காந்தம் எவ்வளவு அசைகிறதென்று இந்தப் பெட்டி காட்டும் என்றாள். மருதுபாண்டி தலையாட்டினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. பூமிக்கடியில் ஏதோ தேடுகிறார்கள் என்று முடிவு கட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சோதித்துப் பார்க்க டிராக்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாளே அனுசியா அருப்புக்கோட்டையிலிருந்து வந்து இறங்கினாள்.

"இரும்பக் கண்டதும் ஓடி வந்துட்டீக. அப்ப இது இரும்பு தேடுற பெட்டிதான?"

கிட்டத்தில் இரும்பு இருந்தால் அளவு கெட்டுவிடும், அதனால்தான் ஆளில்லாத இடமாகப் பார்த்தோம் என்றாள். அதுவும் அவருக்குச் சாக்காகவே பட்டது. டிராக்டரை மட்டும் வீட்டுக்கு ஓட்டிப்போனார்.

பத்து நாள் கழித்து, முன்பகலில் அவளிடமிருந்து போன் வந்தது. புஞ்சைக்குத்தான் வந்திருந்தாள்.

"ஐயா, சூரியக் காத்து பலமா ஒரு வீச்சு வருது, செயற்கைக்கோள் இப்பத்தான் பாத்திருக்கு. முக்கால் மணி நேரத்துல இங்க தெரியும். நீங்களே வந்து பாருங்க."

வந்தவர் முதலில் பெட்டியைச் சுற்றி நடந்து, வண்டியோ ஒளித்த கம்பியோ இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தள்ளியிருந்த வேம்படியில் அவளுடைய லேப்டாப் முன் உட்கார்ந்தார். திரையில் பெட்டி அனுப்பும் கோடு மட்டமாக ஓடியது. முக்கால் மணி கழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிடிபட்டாள் என்று நினைத்து எழப் போனார். அப்போது கோடு விருட்டென்று மேலே ஏறியது.

அண்ணாந்து பார்த்தார். வெறும் வெயில். ஓர் இலை கூட அசையவில்லை.

"வந்தது நெசந்தான்," என்றார். "இத யாருக்கு அனுப்புறீக?"

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணைய முகவரியை எழுதிக் கொடுத்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் ரேணுகாதேவியிடம் கொடுத்துத் தேடச் சொன்னார். இந்தப் பெட்டியின் கோடு அதில் இருந்தது: அதே நாள், அதே நிமிடம், அதே ஏற்றம். அன்று சாயங்காலமே அனுசியாவைக் கூப்பிட்டார்.

"பெட்டி கெடக்கட்டும், தாயி. பக்கத்துல ஒரு கம்பு கூடுதலா நட்டாலும் மொதல்ல எனக்குச் சொல்லணும்."