பென்சில் டிக் போட்ட இடம்

மூட்டை தூக்குகிறவனுக்கு எந்த வங்கியாவது கடன் அட்டை கொடுக்குமா? கொடுக்காது என்றுதானே நினைக்கிறீர்கள்? மூக்கனும் அப்படித்தான் நினைத்திருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் கழுத்தில் வங்கி அடையாள அட்டை தொங்க ஒரு பெண் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் வாசலில் வந்து நின்றபோது, குடிக்கத் தண்ணீர் கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் அவன் எண்ணினான். அவளுக்கோ அந்த மாதம் கார்டு விற்ற கணக்கை முடிக்க இன்னும் ஆறு பேர் வேண்டியிருந்தது. மில்லில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் மூன்றே பேர். கணக்குப்பிள்ளை பிச்சமுத்து கொஞ்ச நேரம் பேனாவைக் காதில் செருகி யோசித்தார். பிறகு மில் லெட்டர் பேடை எடுத்து மூன்று லோடுமேன்களுக்குச் சம்பளச் சான்றிதழ் எழுதினார். வண்டிக் கடனுக்கு, பிள்ளைகளின் காலேஜ் சீட்டுக்கு என்று ஆட்கள் வந்து தலையைச் சொறிந்தால் அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. மூக்கன், மாதச் சம்பளம், பதவி சூப்பர்வைசர்.

"இன்னையிலேருந்து நீ சூப்பர்வைசர்டா மூக்கா. இனிமே எனக்கே வேலை சொல்லலாம்," என்றார்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லாரி வந்து நின்றால், "சூப்பர்வைசரே, கொஞ்சம் தோளக் குடுங்க," என்று ஆட்கள் கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போவான்.

அந்தப் பெண் படிவத்தில் இரண்டு இடத்தில் பென்சிலால் டிக் போட்டுக் கொடுத்தாள். முதல் டிக் கார்டுக்கு. இரண்டாவது எதற்கு என்று மூக்கன் கேட்டான். கேட்கத்தான் செய்தான். "உங்களுக்கு ஏதாச்சும் ஆகி வேலைக்குப் போக முடியலைன்னா, கார்டுக் கடன இன்சூரன்ஸே கட்டிரும்ணா. மாசம் சின்னத் தொகைதான்," என்றாள். அப்போது அவன் இடுப்பில் மூட்டைக் கொக்கி இருந்தது, தலையில் மடித்த சாக்கு இருந்தது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் அவள் சொன்னாள். அவன் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டான். மகள் ஜோதியின் நர்சிங் படிப்புக்கு முதல் வருட ஃபீஸை அந்தக் கார்டில்தான் கட்டினான்.

இந்த வருடம் பொங்கல் முடிந்து பத்தாம் நாள் மில்லில் மூட்டை அடுக்கிய அட்டி சரிந்தது. மேலிருந்து நாலு மூட்டை வந்து விழுந்ததில் வலது பக்கக் காறை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஏற்றி, பெரியாஸ்பத்திரியில் சாயங்காலம் வரை கூடவே உட்கார்ந்திருந்தவர் பிச்சமுத்துதான். எலும்பு சேர்ந்ததே ஒழிய தோள் பழையபடி ஏறவில்லை. வேலை நின்றது, தவணையும் நின்றது. சரி, இதற்குத்தானே மாதாமாதம் கட்டினோம் என்று இன்சூரன்ஸைக் கேட்டால், பி.எஃப். நம்பர் கொடு என்றார்கள். லோடுமேனுக்கு ஏது பி.எஃப்.? மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும்தான் இந்த இன்சூரன்ஸ், கூலிக்காரர்களுக்குக் கிடையாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆனால் வசூல்காரர்களுக்கு மட்டும் கூலிக்காரன், சம்பளக்காரன் என்ற வித்தியாசம் இல்லை. படிவத்தில் இருந்த இன்னொரு போன் நம்பர் ஜோதியுடையது. தென்னூர் நர்சிங் காலேஜில் அவள் வகுப்பில் இருக்கும்போதெல்லாம் அது அடித்தது.

அதனால்தான் ஒருநாள் மூக்கனும் அவன் மனைவி சந்திரம்மாளும் பஸ் ஏறி வங்கியின் ஸ்ரீரங்கம் கிளைக்குப் போனார்கள். அங்கே கடன் பகுதியில் உட்கார்ந்திருந்த சுபஸ்ரீ மேடம் எரிந்து விழாத மனுஷி. ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"அண்ணா, இது உங்களுக்கு வித்திருக்கவே கூடாது. நான் கூலி ஆளு, எனக்கு இது பொருந்தாது, தெரிஞ்சே என் தலையில கட்டிட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. இதுவரைக்கும் இன்சூரன்ஸுக்குப் புடிச்சது, அதுக்கு ஏறின வட்டி எல்லாம் திரும்ப வர வாய்ப்பிருக்கு. பாதிக் கடன் கொறையும். வசூல் போனையும் நிறுத்தி வெக்கச் சொல்லலாம்."

சந்திரம்மாள் எட்டாவது வரை படித்தவள். மேடம் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். மேடம் கீழே பென்சிலால் ஒரு டிக் போட்டாள். மூக்கன் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

மேடம் கடிதத்தை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி அவன் பக்கம் திருப்பி வைத்தாள். மில் லெட்டர் பேடு. பிச்சமுத்துவின் சாய்ந்த எழுத்து அவனுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

"இத நான் சொல்லாம விடக் கூடாது. நீங்க கூலி ஆளுன்னு எழுதினா, அப்ப இந்த சர்ட்டிபிகேட் என்னன்னு மேல கேப்பாங்க. மில்லுக்கே லெட்டர் போகலாம். போகாமலும் இருக்கலாம். போனா என்னால தடுக்க முடியாது."

"அந்தக் கூலிங்கிற வரிய மட்டும் எடுத்துட்டா?" என்றான் மூக்கன்.

"அந்த வரிதாண்ணா லெட்டரே."

மூக்கன் கடிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நாளைக்குக் கொண்டாந்து தரேங்க," என்றான். சந்திரம்மாள் அவனைப் பார்த்தாள். டோல்கேட்டில் பஸ் மாறி மண்ணச்சநல்லூரில் இறங்கினார்கள். அவள் வீட்டுக்கு நடந்தாள். அவன் மில்லுக்குப் போனான்.

பிச்சமுத்துவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். அவர் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். சர்க்கரை போடாத டீ ஒன்றும் போட்டது ஒன்றும் வரவழைத்தார்.

"பேங்க்ல என்னடா சொன்னாங்க?"

"பாக்குறேன்னு சொன்னாங்கய்யா."

"பாப்பாங்க, பாப்பாங்க. கண்ணு இருக்குல்ல." அவரே சிரித்துக்கொண்டார். பிறகு உள் அறைப் பக்கம் தலையை அசைத்து, குரலைத் தாழ்த்தினார். "சின்ன முதலாளி பழைய ஃபைலெல்லாம் தோண்டிக்கிட்டிருக்காரு. எந்தத் தாள எடுத்தாலும் இது யாரு எழுதினதுன்னு ஒரு கேள்வி. முப்பத்தோரு வருஷம் ஆச்சு மூக்கா, இன்னும் பதினோரு மாசம். மரியாதையா மாலை போட்டு அனுப்பிட்டாப் போதும்."

மூக்கன் டீயைக் குடித்தான். சட்டைப் பையில் கடிதம் மொடமொடவென்று இருந்தது. களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்துக் கை காட்டினார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆட்டோவில் இந்த மனுஷன் தன் மடியில் அவன் தலையைத் தாங்கி வந்தது ஞாபகம் வந்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "வரேன்யா," என்று கிளம்பினான்.

வீட்டில் சந்திரம்மாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லியாச்சா?"

"இல்ல."

"தெரியும். டீ குடிச்சிருப்பீங்க."

"அவரு நமக்காகத்தான எழுதினாரு சந்திரா. அஞ்சு பைசா வாங்கினாரா?"

"நல்லவருதான். யாரு இல்லேன்னா? இன்னைக்கு மத்தியானம் வார்டுல வாத்தியாரம்மா முன்னாடி ஜோதி போன் அடிச்சிருக்கு. வசூல்காரன் உங்கப்பன் ஏமாத்துக்காரனான்னு கேட்டானாம். அந்தப் போன கணக்குப்பிள்ளைய எடுக்கச் சொல்லுவோமா?"

அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"எதாச்சும் சொல்லுங்க. குடுக்கலாம்னு சொல்லுங்க, இல்ல கிழிச்சுப் போடலாம்னாவது சொல்லுங்க. இப்படி ஒக்காந்திருந்தா என்னங்க அர்த்தம்?"

அவன் எழுந்து போய்க் கை கழுவினான். கொடுத்தால் அவர், கொடுக்காவிட்டால் ஜோதி. இரண்டு பக்கமும் ஒரே எடை. தோள் நன்றாக இருந்த காலத்தில் எந்த மூட்டையையும் பார்த்த மாத்திரத்தில் இன்ன எடை என்று சொல்லிவிடுவான், கிலோ பிசகாது. இதைத் தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. கடிதத்தை எடுத்து டி.வி. மேல் வைத்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தான்.

மறுநாள் காலை அவன் எழுந்தபோது சந்திரம்மாள் வீட்டில் இல்லை. கொடியில் அவளுடைய வெளியூர்ப் புடவையும் இல்லை. டி.வி. மேல் டம்ளர் நிமிர்ந்து நின்றது, அடியில் கடிதம் இல்லை. முதல் பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மூக்கன் வாசலில் வந்து உட்கார்ந்தான். எட்டரைக்கு பிச்சமுத்துவின் மொபெட் வந்து நின்றது. அவர் இறங்காமலே முன்னாலிருந்த நொய்யரிசிப் பையை எடுத்து நீட்டினார்.

"என்ன சூப்பர்வைசர், எந்திரிச்சாச்சா?" என்றார்.

மூக்கன் எழுந்துபோய் இடது கையால் பையை வாங்கிக்கொண்டான்.