முன்வாசல் சங்கு

"ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு. குப்பியவே கவுத்துவிட்டா வேட்டி வெளுத்துருமாக்கும்?" என்றாள் கருத்தம்மாள்.

நீலம் போட்டது அவள் புருஷன் சின்னச்சாமி. சொட்டுநீலம் கூடிப்போய் ஆகாய நிறத்துக்கு வந்திருந்த வேட்டியை வீம்புக்கென்றே கட்டிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார். அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் தலை சாய்ந்திருந்தது. வீம்பு இன்னும் தீரவில்லை என்று நினைத்து, சோறு வடிக்கும்வரை அவள் கூப்பிடவே இல்லை. பிறகு தொட்டு உலுக்கினாள். சரிந்தார். அந்தச் சண்டை அப்படியே பாதியில் நின்றுபோனது.

அவர் வாலிபம் முழுக்க நூல் நூற்ற மில், கம்பம் ரோட்டுக்கும் முல்லையாற்றுக்கும் நடுவே இருந்தது. செங்கல் புகைபோக்கி, ரம்பப் பல் போலக் கூரை, ஆற்றைப் பார்த்தபடி பஞ்சுக் கிடங்கு. கட்டியவர் பெரிய தர்மவான்; வேலை கொடுக்கும்போது சாதி பார்க்கவில்லை. வாசல் வைக்கும்போதுதான் பார்த்தார். ரோட்டைப் பார்த்து வளைவு வைத்த முன்வாசல் ஊராருக்கு. கழிவுப் பஞ்சு வெளியே போகும் ஆற்றுவாசல் தெற்குத் தெருவாருக்கு. தெற்குத் தெருவார் கை பட்ட நூலை ஊரே இடுப்பில் சுற்றிக்கொண்டது, அதற்குத் தீட்டில்லை.

செத்தாலும் வாசல் மாறாது. மில் தொழிலாளி யார் இறந்தாலும் பாடையைக் கொண்டுவந்து மில் வாசலில் இறக்குவார்கள். உள்ளே, ஷிப்டுக்கு ஊதும் ஆலைச் சங்கை ஊதுவார்கள். அதன் பிறகுதான் சுடுகாட்டுக்குத் தூக்குவார்கள். ஊராரை முன்வாசலில் இறக்கினார்கள். தெற்குத் தெருவாரைக் கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

மில் மூடிப் பல வருஷம் கழித்து அதைக் கல்யாண மண்டபம் ஆக்கினார்கள். வளைவின் மேல் 'பழமை மாறாமல்' என்று விளக்குப் போட்டு எழுதியிருந்தது. புகைபோக்கிக்கு ரோஸ் பெயிண்ட். மிஷின்கள் ஓடிய கூடத்தில் பந்தி. சங்கையும் விடவில்லை, தாலி கட்டும்போது கெட்டிமேளத்தோடு அதையும் ஊதினார்கள். அதற்காகவே அந்த மண்டபத்தைப் பிடித்தவர்கள் உண்டு.

சின்னச்சாமி செத்த மறுநாள் காலை பாடை கட்டும்போது மண்டப மேனேஜர் ஈஸ்வரபாண்டி தெற்குத் தெரு முனைக்கே வந்துவிட்டார்.

"முகூர்த்தம் நடக்குது ஆத்தா. ரோட்டுப் பக்கம் வேணாம். ஆத்துப் பக்கமா கொண்டுபோயிருங்க. எப்பவும் அப்படித்தான?"

"அங்கன வச்சா சங்கு ஊதுவீகளா?"

"மில்லே இல்லையாம், சங்குக்கு எங்க போக?"

"முகூர்த்தத்துக்கு மட்டும் இருக்காக்கும்."

ஈஸ்வரபாண்டி, அவள் மகன் கார்த்திக்ராஜ் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ படிச்சவன். ஒங்க ஆத்தாகிட்ட எடுத்துச் சொல்லு."

"எங்கய்யாவே அது சொல்றதத்தேன் கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல?"

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். கருத்தம்மாள் நிற்கவில்லை. பாடைக்கு முன்னால் நடந்தாள். முன்வாசல் வளைவுக்கு நேரே வந்ததும், "இங்கன எறக்குங்கப்பா" என்றாள். கொட்டுக்காரர்களைக் கையமர்த்தினாள். "கொட்டு வேணாம். உள்ள நல்ல காரியம் நடக்குது. நம்மளால ஒரு எடஞ்சலும் வரக்கூடாது."

ஈஸ்வரபாண்டி பட்டுச்சட்டை வேர்வையில் நனைய ஓடிவந்தார். "எப்ப எடுப்பீக?"

"சங்கு ஊதுனதும் எடுத்துருவோம்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊதினால் பிணத்துக்கு ஊதியதாகும். ஊதாவிட்டால் பிணம் நகராது. மாப்பிள்ளையும் பெண்ணும் அதைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.

"ஊதாட்டி?"

"இருக்கோம். அவுகளுக்கு இனிமே என்ன, ஷிப்டுக்கா நேரமாகுது?"

உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. "சங்கு எங்கய்யா? அதுக்குத்தானய்யா இந்த மண்டபம்?" என்று பெண்ணின் அப்பா கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது. ஈஸ்வரபாண்டி ஒருமுறை பாடையைப் பார்த்தார். உள்ளே பார்த்துக் கையை ஆட்டினார்.

சங்கு ஊதியது. நீளமாக, ஆற்றுக்கு அக்கரை வரைக்கும். உள்ளே அட்சதை விழுந்தது. வெளியே தெற்குத் தெருவார் தோள் கொடுத்தார்கள்.

"தூக்குங்கப்பா," என்றாள் கருத்தம்மாள். "அவுகளும் சொகமா முடிச்சுட்டாக, நம்மளும் முடிச்சுட்டோம்."

அடுத்த முகூர்த்தத்திலிருந்து மண்டபத்தில் சங்கு ஊதுவதில்லை. ரிப்பேர் என்கிறார்கள். எச்சில் இலை எடுக்க வரும் தெற்குத் தெருப் பெண்களுக்கு இன்றும் ஆற்றுவாசல்தான்.