நத்தை வந்திருக்கிறார்

“மேசையை இன்னும் கொஞ்சம் சுவரோரமா ஒதுக்குங்க. நாற்காலியையும் எடுங்க. தூக்கிட்டுப் போக வழி வேணாமா?” என்றாள் நாத்தனார்.

இறந்தவன் வேலை பார்த்த லிப்ட் கம்பெனியிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் டிவி மேசையின் இரு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள். அவள் படுக்கையறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவள் கணவன், நாத்தனாரின் தம்பி, உயிரில்லாமல் கிடந்தான். மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நேற்றுக் காலையிலிருந்து யாரும் அவளிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. ‘நீ உட்காரு’ என்பதையே ஆளுக்கொரு குரலில் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடமாக மெழுகிலும் மாவிலும் பொய்ப்பல் கட்டிய கைகள், சும்மா இருக்கத் தெரியாமல் ஒன்றையொன்று நிமிண்டிக்கொண்டிருந்தன.

“இதை எங்கே வைக்கிறது?” நாத்தனார் சாய்வு நாற்காலியிலிருந்து விளையாட்டுக் கன்ட்ரோலரை எடுத்தாள். எடுத்த வேகத்தில் ஏதோ ஒரு பட்டன் அமுங்கியது.

டிவி தானாக உயிர் பெற்றது.

கூடம் முழுக்க வெள்ளை வெளிச்சம் பரவியது. பனிமலை. பாறை விளிம்பில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம், இடுப்பில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தது. காற்றில் அதன் சட்டை படபடத்தது. மூச்சு விடுவதுபோல் தோள்கள் மெல்ல ஏறி இறங்கின.

நாத்தனார் கன்ட்ரோலரைச் சுட்டுவிட்டதுபோல் நாற்காலியில் போட்டாள். “ஐயோ, அணைச்சுத் தொலை! தம்பி உள்ளே அப்படிக் கிடக்கான், இது இங்கே மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது.”

அவளுக்கு அந்த விளையாட்டைப் பார்வையளவில் தெரியும். இரண்டு பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். ஒருவர் ஏறும்போது மற்றவர் அசையாமல் நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தவர் விட்டால் ஏறுகிறவர் விழுவார். இரண்டு வருடமாக அவள் கணவன் இதைத்தான் ஆடினான். வீட்டில் இருந்தால் கைக்கருவியை டிவி பக்கத்துத் தாங்கியில் செருகிப் பெரிதாக ஆடுவான். வேலைக்குக் கிளம்பும்போது அதே கருவியைத் தாங்கியிலிருந்து உருவிப் பைக்குள் போட்டுக்கொள்வான். பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் உள்ளங்கைக்குள் அந்த மலை இருக்கும். மறுமுனையில் ஒரே கூட்டாளி. பெயர் நத்தை. யாரோ காலேஜ் பையன் என்று அவள் நினைத்திருந்தாள். “உன் நத்தைக்குப் படிப்பு, வேலைவெட்டி எதுவும் கிடையாதா?” என்று கேட்டால் சிரிப்பான். அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மூன்றாம் மாடி. “நாம இருக்கிறது நாலாவது மாடியாச்சே?” என்றதற்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை. “சும்மாதான்,” என்றான்.

நேற்றுக் காலையிலும் இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தான். அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். “பிடிச்சிருக்கேன், ஏறு,” என்று டிவியைப் பார்த்துச் சொன்னான். மைக் போடாமல், தனக்குத்தானே பேசுவது அவன் வழக்கம். பிறகு சத்தமில்லை. ஆட்டத்தில் முழுகிவிட்டான் என்று நினைத்தாள். இரண்டு சட்டை, ஒரு போர்வை தேய்த்து முடித்து டீயோடு வந்தபோது அவன் தலை சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. டிவியில், உச்சியில் நின்றபடி பச்சைச் சட்டை போட்ட உருவம் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தது. வா, வா, வா. அவள் அலறியபோதும் ஆட்டியது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியபோதும் ஆட்டியது. டிவியை அணைக்க மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது, அணைத்தாள். அதன் பிறகு கண்ணை மூடினால் கணவன் முகம் வரவில்லை. அந்தக் கைகள்தான் வந்தன.

இப்போது திரையின் மூலையில் எழுத்து ஓடியது.

நத்தை வந்திருக்கிறார்.

கயிற்றின் மறுமுனையில் பச்சைச் சட்டை முளைத்தது. இந்த முறை அது கையை ஆட்டவில்லை. சிவப்புத் தொப்பியைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

“என்னடி பார்த்துக்கிட்டு நிக்கிறே? பிளக்கைப் பிடுங்கு.”

“வேணாம் அண்ணி,” என்றாள். இரண்டு நாளில் அவள் உரத்துச் சொன்ன முதல் சொல் அதுதான். அவன் செய்வதுபோலவே கருவியைத் தாங்கியிலிருந்து உருவினாள். டிவி இருண்டது. மலை அவள் கைக்குள் வந்துவிட்டது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. கட்டைவிரல் எங்கோ பட்டது. சிவப்புத் தொப்பி ஓர் அடி முன்னால் வைத்தது. பச்சைச் சட்டை ஓர் அடி பின்வாங்கியது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள். செத்தவனை நடக்க வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை இவன் வந்துவிட்டான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கும்?

திரையின் ஓரத்தில் மைக் படம் இருந்தது. அதை அழுத்தினாள். கருவியை வாய்க்கருகே கொண்டுபோனாள்.

“தம்பி... இது அவர் இல்லப்பா. நான் அவர் வீட்டுக்காரி. அவர் நேத்துக் காலையிலே தவறிட்டார். நீ இனிமே காத்துக்கிட்டு இருக்காதே.”

அந்தப் பக்கத்திலிருந்து வெறும் இரைச்சல். யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

“தெரியும் தங்கச்சி,” என்றது கருவி. “நான் கீழேதான் இருக்கேன்.”

குரல் அவளுக்குத் தெரிந்த குரல். ஏழு வருடமாகக் கேட்காத குரல்.

சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நான்கு மாடிக்குக் கீழே, தெருவோரத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றது. அதன் பக்கக் கதவு திறந்திருந்தது.

போர்மேன் அண்ணன்.

கணவனுக்கு லிப்ட் வேலை பழக்கியவர். ஒரு காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்த வீட்டில் சாப்பிட்டவர். “ஊரெல்லாம் லிப்டு மாட்டறான், சொந்த வீட்டுக்குப் படிக்கட்டு,” என்று மூச்சிரைத்தபடி வந்து உட்காருவார். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு புதுக் கட்டடத்தில், மூன்றாம் மாடி உயரத்தில், லிப்ட் பெட்டியின் மேல் நின்று அவர் கம்பிவடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேலே மோட்டார் அறையில் சுவிட்சருகே அவள் கணவன். நிற்க வேண்டிய பெட்டி நகர்ந்தது. இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி போயிற்று. சுவிட்ச் தேய்ந்திருந்தது என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன கணவனை அவருடைய மனைவி, “இனிமே இந்தப் பக்கம் வராதீங்க,” என்று திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவன் ஏறும் வேலைக்குப் போகவில்லை. புகார் மேசையில் உட்கார்ந்துகொண்டான். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதறுகிறவர்களிடம், “பயப்படாதீங்க, காத்து வரும், அப்படியே உட்காருங்க, நான் லைன்லயே இருக்கேன்,” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் கருவியைக் கையில் ஏந்தியபடி படிகளில் இறங்கினாள். “எங்கே போறே?” என்ற நாத்தனாரின் குரல் இரண்டு வளைவு வரை கூடவே வந்தது. படியிறங்கும் குலுக்கலிலும் திரையில் மலை அசையவில்லை. இரண்டு உருவங்களும் அசையவில்லை.

வேனுக்குள் சக்கர நாற்காலியைத் தரையோடு பூட்டியிருந்தார்கள். அவர் மடியில் அதே மாதிரி ஒரு கருவி. தாடி முழுக்க வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் கண் முதலில் அவள் கையில் இருந்ததைத்தான் பார்த்தது.

“பயந்துட்டேன் தங்கச்சி,” என்றார். “மேலே ஏறி வந்து முகம் பார்க்க முடியாது. அவன் நின்ன இடத்தையாவது பார்க்கலாம்னு திறந்தேன். திறந்தா, மூன்றாம் மாடி வந்திருக்கிறார்னு வருது. அப்புறம் ஓர் அடி வேற எடுத்து வச்சான்.” கையை விரித்துக் காட்டினார்.

“அது நான்தான் அண்ணே. தெரியாமத் தொட்டுட்டேன்.”

“நல்லதுதான்.”

அவள் வேனின் படியில் உட்கார்ந்தாள். “அவருக்குத் தெரியுமா, நத்தை நீங்கதான்னு?”

“நாங்க ஒரு நாளும் பேசிக்கிட்டதில்ல. இதிலே பேசலாம், ஆனா பேசல. ஏறுவோம், நிப்போம், அவ்வளவுதான். அவன் பேரைப் பார்த்த அன்னிக்கே எனக்குச் சந்தேகம். அப்புறம் ஏறுறதுக்கு முன்னாலே கயித்தை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தான். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். நானும் ரெண்டு தடவை இழுத்தேன். அப்புறம் என்ன தெரியணும்?” திரையைத் துடைத்தார். “என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. ‘யாரு அது, தினமும் உங்ககூடக் கோமாளித்தனம் பண்றது’ன்னு கேட்பா. யாரோ காலேஜ் பையன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு போல ஒன்று எழுந்தது. நேற்றிலிருந்து கேட்க ஆளில்லாமல் இருந்த கேள்வி அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

“அண்ணே, நேத்து அவர் கட்டைவிரல் கயித்தைப் பிடிக்கிற பட்டன்லயே இறுகியிருந்தது. நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்தேன். எடுத்ததும் டிவியிலே கயிறு தொய்ஞ்சுது. நீங்க... விழுந்துட்டீங்களா?”

அவர் தலையை அசைத்தார்.

“இல்லம்மா. அதுக்கு முன்னாலேயே மேலே போய்ச் சேர்ந்துட்டேன். நேத்து நான் ஏறினது பெரிய ஏத்தம். பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு. கயிறு ஒரு நூல்கூடத் தளரல. இன்னிக்கு ரொம்ப நல்லாப் பிடிக்கிறானேன்னு நினைச்சேன். மேலே போய், இப்ப உன் முறை, வாடான்னு கையைக் காட்டினேன். காட்டிக்கிட்டே இருந்தேன்.”

இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள். ஒரு சைக்கிள் போயிற்று. எதிர் வீட்டு மாடியில் யாரோ பாயைத் தட்டினார்கள். பத்து நிமிடம். எந்த நிமிடம் வரை அவன் பிடித்தான், எந்த நிமிடத்திலிருந்து விரல் மட்டும் பிடித்தது என்று அவள் மனம் எண்ணப் பார்த்து, எண்ண முடியாமல் நின்றது.

“இவரை எப்படி உட்கார வைக்கிறது?” என்று கருவியை நீட்டினாள். “நேத்திலிருந்து நின்னுக்கிட்டே இருக்காரு.”

“இடது பக்கம், கீழ் அம்பு. கொஞ்சம் அமுக்கிப் பிடி.”

பிடித்தாள். சிவப்புத் தொப்பி பாறையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டது. அவரும் தன்னுடையதை அழுத்தினார். பச்சைச் சட்டை நெருங்கி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் திரையிலும் அவர் திரையிலும் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே,” என்றாள். அவரைப் பார்க்கவில்லை. “லிப்ட் நகர்ந்த அன்னிக்கு அவருக்குப் போன் பண்ணினது நான்தான். அந்த நேரத்திலே. வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்கத்தான். சாவி என் பையிலேயே இருந்தது. அவர் யார்கிட்டயும் சொல்லல. என்கிட்டகூட ஒரு நாளும் சொல்லிக் காட்டல.”

அவர் கருவியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“எனக்குத் தெரியும்மா.”

“அவர் சொன்னாரா?”

“இல்ல. அந்த லிப்ட் குழிக்குள்ளே சத்தம் நல்லாக் கேட்கும். ‘இரு, அப்புறம் கூப்பிடுறேன்’னு அவன் சொன்னது எனக்குக் கேட்டுது. அவன் வேற யார்கிட்ட அந்தக் குரல்லே பேசுவான்?”

அவர் அவளைத் தேற்றவில்லை. கோபிக்கவும் இல்லை. “விசாரணையிலே என்னையும் கேட்டாங்க. எதுவும் கேட்கலன்னு சொன்னேன். வேலை போயிருந்தா அவனுக்கு வேற என்ன இருந்தது?” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு முழங்காலை, உணர்ச்சியில்லாத அந்த முழங்காலை, உள்ளங்கையால் தடவிக்கொண்டார்.

மேலே கனத்த காலடிச் சத்தம் தொடங்கியது. நான்காம் மாடி வளைவில், “மெதுவா, தலைப் பக்கம் தூக்கு, தூக்கு,” என்று யாரோ சொன்னார்கள். நாத்தனாரின் அழுகை படிப்படியாக இறங்கி வந்தது. அவள் எழுந்து நின்றாள். கையில் இருந்த திரை தானாகவே மங்கி அணைந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். சவ வண்டி வேனுக்கு முன்னால் நின்றது. அவர்கள் நேராக அதை நோக்கிப் போகத் திரும்பியபோது, “இங்கே கொண்டாங்க. அண்ணன் பார்க்கணும்,” என்றாள் அவள். நாத்தனார் வேனுக்குள் பார்த்தாள். யாரென்று புரிந்ததும் அழுகையைச் சட்டென்று விழுங்கிக்கொண்டு வழிவிட்டாள்.

வேனின் கதவு உயரத்துக்கு ஸ்ட்ரெச்சரை ஏந்திப் பிடித்தார்கள். போர்மேன் முன்னால் சாய்ந்தார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பார்வை கீழே இறங்கியது.

“சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க,” என்றார்.

அவர் கழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்த சட்டையின் இரு விளிம்பையும் இழுத்துச் சமமாக்கினார். மறுபடியும் மேலிருந்து போட ஆரம்பித்தார். நடுங்கும் விரலுக்கு ஒவ்வொரு ஓட்டையும் ஒரு பாடு. தாங்கியவர்களின் தோள்கள் கனத்தில் துடித்தன. ஒருவன் கால் மாற்றி நின்றுகொண்டான். மூன்றாவது பொத்தான் நழுவியது. அவர் அதை மறுபடி எடுத்தார்.

தாங்கியவர்கள் ஸ்ட்ரெச்சரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்கள்.